ஏர் ரைபிளுக்கு ஏற்ற பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி: சோதனை முதல் சேமிப்பு வரை முழுமையான வழிகாட்டி

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்று. ரமிதா ஜிண்டால் 631.5 புள்ளிகளுடன் 5-ஆவது இடம் பெற்று இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 புள்ளிகளுடன் 10-ஆவது இடத்தில் நின்றுவிட்டார். முதல் எட்டுப் பேருக்கு மட்டுமே அடுத்த கதவு திறக்கும். இருவரும் சுட்டது 60 குண்டுகள், வித்தியாசம் 0.8 புள்ளி.

இந்த விளையாட்டின் அளவுகோல் எவ்வளவு நுண்ணியது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையம் என்பது 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு பொட்டு. ஒரு குண்டுக்குக் கிடைக்கும் உச்சப் புள்ளியான 10.9 வேண்டுமானால் குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 0.25 மி.மீ.க்குள் விழ வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 புள்ளி குறைந்துகொண்டே போகும். மூச்சு, நிலை, விசையை அழுத்தும் விரல் ஆகியவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பலர், கடைசியில் குழலுக்குள் போகும் அரை கிராம் ஈயக் குண்டான பெல்லட்டைப் பற்றி நினைப்பதே இல்லை. கடையில் எந்த டின் இருந்ததோ அதை வாங்கிச் சுடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அமெரிக்காவில் நெடுந்தூர ரைபிள் வீரர்கள் பலர் தோட்டாவை வீட்டிலேயே கட்டுகிறார்கள். தங்கள் துப்பாக்கிக்கு எது பொருந்துகிறதோ அதற்கேற்ப ஒவ்வோர் அளவையும் மாற்றிக்கொள்வது அவர்களுக்கு ஒரு தனிக்கலை. ஏர் ரைபிளில் அந்த வழி கிடையாது. பெல்லட் ஆலையிலேயே முழுமையாகி வருகிறது. நாம் அதைத் திருத்த முடியாது, தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும். ஆகவே அவர்கள் தோட்டா கட்டுவதில் காட்டும் அக்கறை முழுவதையும் நாம் தேர்வில் காட்ட வேண்டும்.

இந்த உழைப்பு யாருக்குப் பயன் தரும்?

முதலில் இதை நேர்மையாகப் பேசிவிடுவோம். ஒரு குண்டு எங்கே விழுகிறது என்பதை இரண்டு சிதறல்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒன்று சுடுபவரின் அசைவு, மற்றொன்று துப்பாக்கியும் பெல்லட்டும் தரும் சிதறல். இவை நேரடியாகக் கூடுவதில்லை. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதனால் பெரிய சிதறலுக்குப் பக்கத்தில் சிறியது ஏறக்குறைய மறைந்துபோகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல பெல்லட் 10 குண்டுகளை 1 மி.மீ. அகலத்துக்குள் வைக்கிறது என்றும், பொருந்தாத பெல்லட் 2.5 மி.மீ. வரை சிதறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் குண்டுகளின் மையத்திலிருந்து மையத்துக்கு எடுத்த அளவுகள். 630 புள்ளியை ஒட்டிச் சுடக்கூடிய ஒருவர் நல்ல பெல்லட்டிலிருந்து மோசமானதற்கு மாறினால் 60 குண்டுகளில் ஐந்தரைப் புள்ளிக்கு மேல் இழப்பார். 565 புள்ளி அளவில் சுடும் தொடக்கநிலை வீரர் அதே மாற்றத்தில் இழப்பது இரண்டு புள்ளிக்கும் குறைவு. அந்த இரண்டு புள்ளியை அவர் ஒரு வாரம் ஒழுங்காக, பெல்லட் இல்லாமல் விசையை மட்டும் அழுத்தும் வெறும் விசைப் பயிற்சி செய்தாலே மீட்டுவிடலாம்.

ஆகவே, 600-ஐத் தாண்டாதவர்களின் பெற்றோர் என்னிடம் வந்து விலையுயர்ந்த டின் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்கிறேன். நடுத்தர விலையில் ஒரு நல்ல போட்டித்தர பெல்லட்டை எடுத்துக்கொண்டு அதையே மாற்றாமல் சுடட்டும். 610-ஐக் கடந்து மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் தேவை.

பெல்லட்டின் உடற்கூறு

போட்டிக்கான பெல்லட் 4.5 மி.மீ. அளவு. முன்பக்கம் தட்டையான தலை, நடுவில் ஒடுங்கிய இடை, பின்னால் விரிந்து மெலிந்த பாவாடை. தலை தட்டையாக இருப்பதால்தான் காகித அட்டையில் ஓரம் கிழியாமல் வட்டமான துளை விழுகிறது. காற்று தள்ளும்போது மெல்லிய பாவாடை விரிந்து குழலின் உட்சுவரை அடைத்துக்கொள்கிறது; தலை, குழலுக்குள் சுழல்வடிவில் வெட்டிய உள்வரிகளின் மேல் சாய்ந்து பெல்லட்டை நேராக வழிநடத்துகிறது. தலையின் விட்டம் குழலோடு பொருந்தவில்லை என்றால் பெல்லட் மிகச் சிறிய சாய்வோடு வெளியேறும். பாவாடை நசுங்கியிருந்தால் காற்று ஒரு பக்கமாகக் கசியும். சிதறலின் வேர் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

ரைபிளுக்கான பெல்லட்டின் எடை ஏறத்தாழ 0.52 அல்லது 0.53 கிராம். பிஸ்டலுக்கென்று இன்னும் இலேசானவை உண்டு. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., ஹெச் அண்ட் என், செக் குடியரசின் ஜே.எஸ்.பி. ஆகியவை நம் சுடுதளங்களில் அதிகம் புழங்கும் பெயர்கள். டின்னின் மேல் தலையின் விட்டம் 4.48, 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருக்கும். அதோடு லாட் எண்ணும், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதியில் வந்தது என்று காட்டும் எண்ணும் இருக்கும். வாங்குபவர்கள் முதல் எண்ணைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது இரண்டாவதை.

காரணம் எளிது. பெல்லட் அச்சில் அழுத்தி உருவாக்கப்படுகிறது. அச்சு தேயும், மாற்றப்படும், ஈயத்தின் கலவையும் சிறிது மாறும். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே 4.50 என்றாலும், இரண்டு லாட்கள் உங்கள் குழலில் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். நண்பருக்கு அருமையாக அமைந்த லாட் உங்களுக்குப் பொருந்தாமல் போவதும் வழக்கம்தான், ஏனென்றால் இரண்டு குழல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே 'எது சிறந்த பெல்லட்' என்ற கேள்விக்கு விடையே கிடையாது. 'இந்தக் குழலுக்கு எந்த லாட்' என்று கேட்டால் விடை கண்டுபிடிக்கலாம்.

முதல் படி: துப்பாக்கியைச் சந்தேகியுங்கள்

பெல்லட்டைச் சோதிக்கும் முன் துப்பாக்கி சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்யாவிட்டால், செய்யும் வேலை எல்லாம் வீண். தோளில் வைக்கும் உடற்கட்டையையும், குழலும் விசையும் சேர்ந்த இயங்குபகுதியையும் இணைக்கும் திருகுகள் கையேட்டில் சொன்ன இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன், பின் குறிகாட்டிகளை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் அதைச் சரிசெய்யுங்கள். காற்று உருளையின் மேல் அச்சிட்ட காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். உருளை காலாவதியாகாமல் இருப்பது வீரரின் பொறுப்பு என்று பன்னாட்டு விதியே சொல்கிறது.

அடுத்து குழலின் தூய்மை. கம்பளிச் சக்கைகளைக் குழலில் செலுத்திச் சுடுவது எளிய வழி. அல்லது துணியைக் கயிற்றில் கட்டி, பெல்லட் ஏற்றும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுக்கலாம். உலோகக் கம்பியைக் குழல் வாயின் வழியே நுழைக்காதீர்கள். பெல்லட்டைக் கடைசியாகத் தொட்டு அனுப்பும் விளிம்பு அது. உயர் அழுத்தக் காற்று போகும் எந்த இடத்திலும் பெட்ரோலிய எண்ணெய் படக் கூடாது. சுத்தம் செய்த குழல் உடனே நிலைப்பட்டுவிடாது. மீண்டும் மெல்லிய ஈயப்படலம் படிவதற்கு 15, 20 குண்டுகளாவது சுட்டுவிட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: வேகத்தை அளப்பது

வேகமளக்கும் கருவி ஒன்று மாவட்டச் சங்கத்திலோ பழுதுபார்ப்பவரிடமோ பெரும்பாலும் கிடைக்கும். குழல் வாயருகே பத்துக் குண்டுகளின் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டி ரைபிள்கள் நொடிக்கு 165 முதல் 175 மீட்டர் வரையிலான வேகத்தில் இருக்கும். எத்தனை என்பதைவிட, பத்துக்குள் எவ்வளவு வேறுபடுகிறது என்பதுதான் முக்கியம்.

நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.06 நொடி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை ஏறத்தாழ 17 மி.மீ. கீழே இழுத்துவிடும். வேகம் நொடிக்கு 1 மீட்டர் மாறினால் அந்த இறக்கம் 0.2 மி.மீ. மாறும். 3 மீட்டர் மாறினால் 0.6 மி.மீ.; அதாவது நீங்கள் எந்தத் தவறும் செய்யாமலேயே 0.2 புள்ளிக்கு மேல் போய்விட்டது. ஆகவே பத்துக் குண்டுகளுக்குள் 3 மீட்டருக்கு மேல் வேறுபாடு தெரிந்தால், சோதனையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றழுத்தம் தரும் ரெகுலேட்டரை நம்பகமான பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். பாதிக்கப்பட்ட ரெகுலேட்டரோடு ஆறு வகை பெல்லட்டைச் சோதித்து, தவறான டின்னுக்குப் பரிசு கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேகத் திருகை நீங்களே திருப்பிப் பரிசோதிக்க வேண்டாம்.

மூன்றாம் படி: சோதனைக்கான டின்கள்

ஐந்து அல்லது ஆறு வகை போதும். இரண்டு நிறுவனங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தலை அளவுகள் அல்லது லாட்கள். அதற்குமேல் போனால் சோதிக்கும் கையும் கண்ணும் களைத்து, கடைசி வகைகளுக்கு அநீதி நடக்கும். விற்பவரிடம் இருப்பில் போதுமான அளவு உள்ள லாட்களிலிருந்து மட்டும் மாதிரி கேளுங்கள். அருமையான லாட்டைக் கண்டுபிடித்த பிறகு அதில் ஒரு டின்கூட மிச்சமில்லை என்று கேட்பது மிகுந்த வேதனை தரும்.

ஒவ்வொரு டின்னுக்கும் ஓர் எழுத்து கொடுங்கள்: க, ச, ட, த, ப, ம. அந்த எழுத்து எந்த லாட் என்பதை வேறொருவர் குறித்து வைத்திருக்கட்டும். உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

நான்காம் படி: பிடியில் வைத்துச் சுடுதல்

சோதனையின் இதயம் இதுதான். மனிதக் கையை அப்புறப்படுத்திவிட்டு, குழலும் பெல்லட்டும் மட்டும் பேச வேண்டும். உடற்கட்டையைக் கழற்றிவிட்டு, இயங்குபகுதியை அசையாத கனமான மேசையில் பொருத்திய வைஸ் பிடியில் வைக்க வேண்டும். பிடியின் தாடைகளில் தோல் அல்லது அலுமினியத் தகடு வைத்து, இயங்குபகுதியின் கனமான உடலில் மட்டும் பிடியுங்கள். குழலையோ காற்று உருளையையோ நெருக்கக் கூடாது. குழல் தன் இயல்பில் அதிர இடம் வேண்டும். மேசை காலால் தட்டினாலும் ஆடக் கூடாது. சுடுதளத்தின் தடுப்புச் சுவர், வெளிச்சம், ஆட்கள் நிற்கும் இடம் ஆகியவை வழக்கமான பாதுகாப்பு விதிகளின்படி இருக்கட்டும். பிடியில் இருந்தாலும் அது துப்பாக்கிதான்.

ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகள் அட்டையில் விழும் கொத்தை நாம் குரூப் என்கிறோம். ஒரு குரூப்புக்குப் பத்துக் குண்டுகள். ஐந்து போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். துப்பாக்கியோடு வரும் ஆலையின் சோதனை அட்டைகளில் ஐந்து குண்டுகளே இருப்பதால் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் ஐந்து குண்டு குரூப்பில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிக அதிகம். ஒரே பெல்லட்டில் ஐந்தைந்தாக நான்கு முறை சுட்டுப் பாருங்கள். ஒன்று கண்ணைப் பறிக்கும்படி சிறிதாகவும், மற்றொன்று வெட்கப்படும்படி பெரிதாகவும் இருக்கும். அதே பெல்லட், அதே குழல். பத்துக் குண்டு குரூப் சராசரியாக ஐந்து குண்டு குரூப்பைவிடக் கால் பங்கு பெரிதாகவே வரும். அதைக் கண்டு மனம் தளராதீர்கள். உண்மைக்குக் கொஞ்சம் அருகில் வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நான் பின்பற்றும் ஒழுங்கு இது. வகையை மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிய பெல்லட்டில் ஐந்து குண்டுகளை வேறோர் அட்டையில் சுட்டுவிடுவேன், ஏனென்றால் ஒவ்வொரு நிறுவனமும் பூசும் மசகு வேறு. பிறகுதான் பத்துக் குண்டு. க-வில் தொடங்கி ம வரை ஒரு சுற்று. அடுத்த சுற்றில் ம-வில் தொடங்கி க வரை திரும்பி வருவேன். காலைக் குளுமையில் தொடங்கி வெயில் ஏறும்போது முடியும் சோதனையில், எப்போதும் ஒரே வகை கடைசியில் வந்தால் வெப்பத்தின் பழி அதன்மேல் விழும். திரும்பி வரும்போது அந்தப் பழி எல்லோருக்கும் பங்காகிவிடுகிறது.

இரண்டு குண்டுகளுக்கு நடுவே 20 முதல் 30 நொடிகள் இடைவெளி விடுங்கள், எப்போதும் ஒரே அளவாக. நீண்ட நேரம் சும்மா இருந்த துப்பாக்கியில் முதல் குண்டின் வேகம் மாறக்கூடும். ஆகவே தேநீர் குடித்துவிட்டு வந்தால் முதல் குண்டு கணக்கில் சேராது. உருளையின் அழுத்தம் 200 பாரிலிருந்து 100 பார் வரை வருவதற்குள் நிரப்பிவிடுங்கள்.

இப்படி ஆறு வகைக்கு இரண்டு குரூப் என்றால் 120 குண்டுகள், பழக்கும் குண்டுகளோடு 180. அதிலிருந்து சிறந்த இரண்டை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஐந்து குரூப். அது இன்னொரு 100-க்கு மேல். ஒரு முழுக் காலைப்பொழுது பிடிக்கும். அவசரம் இருக்கும் நாளில் இதைத் தொடங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: அளந்து முடிவெடுத்தல்

வெர்னியர் காலிப்பரால் குரூப்பின் வெளி ஓரத்திலிருந்து எதிர் வெளி ஓரம் வரை, மிக அகலமான திசையில் அளவிடுங்கள். அதிலிருந்து ஒரு துளையின் அகலத்தைக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான அளவு கிடைக்கும். கழிக்கும்போது 4.5 என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். காகிதம் துளையைச் சுற்றிச் சற்று மூடிக்கொள்ளும். அதே அட்டையில் தனியாக விழுந்த ஒரு குண்டின் துளையை அதே காலிப்பரால் அளந்து, அந்த எண்ணைக் கழியுங்கள்.

உங்கள் சுடுதளத்தில் மின்னணு இலக்கு இருந்தால் வேலை இன்னும் துல்லியம். ஒவ்வொரு குண்டின் இட அளவையும் அது எண்ணாகவே தரும். எல்லாக் குண்டுகளின் சராசரி மையத்தைக் கண்டு, அந்த மையத்திலிருந்து ஒவ்வொரு குண்டும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதன் சராசரியை எடுங்கள். குரூப்பின் அகலத்தை வெளியே நிற்கும் இரண்டு குண்டுகள் மட்டுமே தீர்மானிக்கின்றன. இந்தச் சராசரியில் பத்தும் சாட்சி சொல்கின்றன. அதனால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

குண்டு ஒன்று தனியே விலகிப் போனால், அது பெல்லட்டின் குற்றமில்லை, ஏதோ ஆகிவிட்டது என்று நீக்கிவிடத் தோன்றும். நீக்காதீர்கள். மேசை தட்டப்பட்டதை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் மட்டுமே, அதுவும் அட்டையில் துளையைப் பார்க்கும் முன்பே சொல்லியிருந்தால் மட்டுமே, அந்தக் குரூப் முழுவதையும் ரத்து செய்துவிட்டு மறுபடி சுடலாம். போட்டியில் அப்படிப்பட்ட ஒரு குண்டு வந்தால் நடுவர் நீக்கித் தர மாட்டார்.

முடிவில் இரண்டு லாட்கள் ஏறக்குறையச் சமமாக நின்றால், அதிகம் இருப்பு உள்ளதை எடுங்கள். 0.1 மி.மீ. வேறுபாட்டுக்காக இரவெல்லாம் யோசிக்கத் தேவையில்லை.

பிடி வசதி இல்லாதவர்களுக்கு

பெரும்பாலான மாவட்டச் சுடுதளங்களில் இந்த அமைப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்போது மணல் மூட்டையில் துப்பாக்கியைத் தாங்க வைத்து, உட்கார்ந்து சுடலாம். சிதறல் கூடும், ஆனால் ஒப்பிட முடியும். இங்கேதான் எழுத்துகளை மறைத்து வைப்பது கட்டாயமாகிறது. நண்பர் ஒருவர் எந்த வகை என்று சொல்லாமல் பெல்லட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கட்டும். விலை அதிகமான டின் என்று தெரிந்துவிட்டால் கை தானாகவே கூடுதல் கவனம் எடுக்கும். இது மனித இயல்பு. பிடியில் இரண்டு குரூப்பில் தெரிவது இங்கே தெரிய நான்கைந்து குரூப்கள் வேண்டும். ஒரே நாளில் முடிக்காமல் மூன்று நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எவ்வளவு வாங்குவது, எப்படிப் பொறுக்குவது

ஒரு டின்னில் வழக்கமாக 500. நாளொன்றுக்கு 100 குண்டு, வாரம் ஐந்து நாள் பயிற்சி என்றால் மாதம் நான்கு டின் கரையும். எல்லாவற்றையும் சிறந்த லாட்டிலேயே சுடும் வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் இருக்காது, தேவையும் இல்லை. தயார்ச் சுடுதலும் இறுதிச் சுற்றும் சேர்த்து ஒரு போட்டிக்கு 120 என்று வைத்தால், ஆண்டுக்குப் பத்துப் போட்டிகளுக்கு 1,200. ஒவ்வொரு போட்டிக்கும் முந்தைய சில நாட்கள் அதே பெல்லட்டில் பயிற்சி எடுக்க இன்னும் 3,000 வைத்துக்கொள்ளலாம். ஆக ஒன்பது டின் அந்த லாட்டில் இருந்தால் ஓராண்டு நிம்மதி. மீதி நாட்களுக்கு விலை குறைந்த, ஆனால் மாறாத ஒரு வகை போதும்.

போட்டிக்கு முந்தைய நாள் 150 பெல்லட்டுகளை வெள்ளைத் துணியில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாவாடை நெளிந்தவை, தலையின் ஓரத்தில் ஈயப் பிசிறு ஒட்டியவை, இடையில் கீறல் உள்ளவை தனியே போகட்டும். பயிற்சிக்கு அவை உதவும்.

எடை போட்டுப் பிரிக்க வேண்டுமா? மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும், நகைக்கடைகளில் இருப்பது போன்றது. இரண்டு தசமம் மட்டும் காட்டுவது இதற்கு உதவாது. போட்டித்தரத்தில் ஒரே லாட்டுக்குள் எடை வேறுபாடு மிகச் சிறியது. எடை பிரிப்பதால் குரூப் சுருங்கியதை என் சோதனைகளில் நான் பார்த்ததில்லை. ஆனால் கூட்டத்திலிருந்து வெகுவாக விலகிய ஒன்றிரண்டை அது காட்டிக்கொடுக்கும். அந்த ஒன்று ஐம்பத்தொன்பதாவது குண்டாக வராமல் தடுத்தால் அதுவே பெரிது. நேரம் இருந்தால் செய்யுங்கள்.

சிலர் பெல்லட்டைச் சோப்புநீரில் கழுவி, காயவைத்து, புதிதாக மசகு தடவுகிறார்கள். போட்டித்தர பெல்லட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆலை தந்த பூச்சோடுதான் நீங்கள் சோதித்தீர்கள். கழுவியது வேறொரு பெல்லட். அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

சேமிப்பு: நம் ஊரின் ஈரம்

ஐரோப்பியர் எழுதும் குறிப்புகளில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடும். கடலோர நகரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்தவர்களுக்கு இரண்டு வரி போதாது. ஈரத்தில் ஈயம் மங்கி, மேலே வெண்மையான பொடி படியும். அந்தப் பொடி படிந்த பெல்லட்டைப் போட்டிக்கு எடுக்காதீர்கள். அளவும் மாறியிருக்கும், உடலுக்கும் கேடு.

டின்னைத் திறந்ததும் உள்ளிருக்கும் பஞ்சை எறிந்துவிடாதீர்கள். மூடியை நாடாவால் ஒட்டி, காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். மர அலமாரியில் வைக்க வேண்டாம். மரத்திலிருந்தும் மட்டமான அட்டைப் பெட்டியிலிருந்தும் கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். அருங்காட்சியகங்களில் பழைய ஈயப் பொருள்களை மரப்பெட்டியில் வைப்பதைத் தவிர்ப்பதும் இதனால்தான். எஃகு பீரோ நல்லது.

பயணத்தில் நேரும் சேதம் இன்னும் மோசம். என்னிடம் பயிலும் ஒரு மாணவியின் குரூப் இரண்டு மாதங்களாக விரிந்துகொண்டே போனது. நிலை, மூச்சு, கண்ணாடி என்று எல்லாவற்றையும் சந்தேகித்தோம். கடைசியில் டின்னைக் கொட்டிப் பார்த்தால் பாவாடைகளில் பாதிக்கு மேல் நெளிந்திருந்தன. பாதி காலியான டின்னை ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் போட்டுத் தினமும் 14 கிலோமீட்டர் போய்வந்திருக்கிறாள். உள்ளே கிடந்த பெல்லட்டுகள் ஒன்றையொன்று இடித்தே வீணாகிவிட்டன. அவளை இரண்டு மாதம் தேவையில்லாமல் திருத்திக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. அன்று முதல், டின்னில் காலியிடம் தெரிந்தால் பஞ்சு வைத்து நிரப்புவது எங்கள் சுடுதளத்தில் கட்டாயம். போட்டிக்கு எடுத்துச் செல்பவை ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் அமரும் நுரைத்தட்டில் போகும்.

ஏழாம் படி: குழலில் ஏற்றுவது

பெல்லட்டைப் பாவாடையில் பிடிக்காதீர்கள், இடையில் பிடியுங்கள். ஏற்றும் பள்ளத்தில் தலை முன்னோக்கியபடி நேராகப் படுக்க வேண்டும். நெம்புகோலை மூடும்போது சிறு தடை உணர்ந்தாலும் நிறுத்தித் திறந்து பாருங்கள். சாய்ந்த பெல்லட்டை அழுத்தி மூடினால் பாவாடை நசுங்கிவிடும், அந்தக் குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 60 முறையும் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் மூடப் பழகுங்கள். கீழே விழுந்த பெல்லட்டை எடுத்துத் துடைத்து ஏற்றாதீர்கள். அதன் விலை சில காசுகள்.

ஈயம் நஞ்சு

பெல்லட்டை ஒருபோதும் வாயில் கவ்வாதீர்கள். சிறுவர்கள் இதைச் செய்கிறார்கள், பார்த்தவுடன் தடுத்துவிடுங்கள். சோதனையோ பயிற்சியோ முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கோ பிஸ்கட்டோ தொடக் கூடாது. குடிநீர்ப் புட்டியையும் பெல்லட் டின்னையும் ஒரே பையில் போடாதீர்கள். இலக்கின் அருகே சேரும் தூளைத் துடைப்பத்தால் பெருக்கினால் அது காற்றில் எழும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பயிற்சி உடையோடு தூக்க வேண்டாம்.

குறிப்பேடு

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். தேதி, லாட் எண், வேகம், அறையின் வெப்பம், ஒவ்வொரு குரூப்பின் அளவு, குழலை எப்போது சுத்தம் செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். சோதனை அட்டைகளையே அந்தந்தப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நடப்பு லாட்டில் இரண்டு குரூப் மட்டும் பிடியில் சுட்டு, பழைய அட்டையோடு வைத்துப் பாருங்கள். குரூப் விரிந்திருந்தால் முதலில் குழலைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு வேகத்தை அளந்து பாருங்கள், அதற்கும் பிறகே பெல்லட்டைச் சந்தேகியுங்கள்.

அலமாரியில் அந்த லாட்டில் இரண்டு டின் மிச்சம் இருக்கும்போதே அடுத்த தேடலைத் தொடங்கிவிடுங்கள். கடைசி டின்னைப் புதிய மாதிரிகளுக்கு நடுவே 'க' என்று பெயரிட்டுச் சேர்த்துக்கொண்டால், வருவது பழையதைவிட நல்லதா என்பது அன்று காலையிலேயே தெரிந்துவிடும்.